75 ஆயிரத்துக்குள் கேமிங் லேப்டாப்: பணம் வீணாகும் இடங்கள்

அக்கா மகனுக்குக் கோவையில் இன்ஜினியரிங் இடம் கிடைத்ததும், சீட்டு எடுத்த பணத்தில் 75 ஆயிரத்தை அக்கா தனியாக எடுத்து வைத்துவிட்டாள். "நீ கூடப் போய் பார்த்து வாங்கிக் குடு தம்பி, அவன் ஸ்டிக்கரப் பார்த்தே மயங்கிடுவான்" என்றாள்.

அவள் பயந்த மாதிரியேதான் ஆனது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் இரண்டு லேப்டாப்களை அருகருகே திறந்து வைத்திருந்தார்கள். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4050 ஸ்டிக்கர், அதாவது என்விடியா கம்பெனியின் கிராபிக்ஸ் கார்டு. ஒன்று மெல்லிசாக, அழகாக இருந்தது. இன்னொன்று தடியாக, பின்பக்கம் அகலமான காற்றுத் துளைகளோடு இருந்தது. "ரெண்டும் ஒரே கார்டுதானே மாமா, கனம் கம்மியா இருக்கறதையே எடுத்துக்கலாமே" என்றான். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டிலும் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைக் காட்டினேன். மேக்சிமம் கிராபிக்ஸ் பவர் என்ற வரியில் மெல்லிய லேப்டாப்பில் 50 வாட் என்றிருந்தது, தடியானதில் 95 வாட். பையன் அதற்குப் பிறகு மெல்லிசைப் பற்றிப் பேசவில்லை.

குறைந்த பட்ஜெட்டில் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். லேப்டாப்புக்கான 4050 சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓட விடலாம். எத்தனை வாட் என்பதை லேப்டாப் கம்பெனி முடிவு செய்கிறது. உடம்பு மெல்லிசானால் சூடு வெளியேற வழியில்லை, அதனால் வாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். லோ வோல்டேஜில் மோட்டார் போட்டால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறத் திணறுமே, அதே கதைதான். மோட்டாரில் குறையில்லை, கரண்ட் போதவில்லை. விலைப் பட்டியலிலும் விளம்பரத்திலும் இந்த எண் பெரும்பாலும் இருக்காது. கம்பெனியின் சொந்தத் தளத்தில், அந்த மாடலின் முழு விவரப் பக்கத்தில் டிஜிபி (கார்டுக்குக் கிடைக்கும் மொத்த வாட்) என்று தேடினால் கிடைக்கும். 4050 என்றால் 80 வாட்டுக்குக் கீழே நான் யாருக்கும் சொல்வதில்லை. 100 வாட்டைத் தாண்டினால் பெரிய லாபமும் இல்லை, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

கார்டின் மெமரியையும் சேர்த்தே பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 2050-இல் 4 ஜிபிதான். 3050-இல் 4 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு, பெயர் ஒன்றுதான். 4050-இல் 6, 4060-இல் 8. புதிய கேம்களில் படத்தின் தரத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே 4 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு வேகம் மெதுவாகக் குறையாது, ஓடிக்கொண்டே இருக்கும் காட்சி சட்டென்று நின்று நின்று வரும். "லேப்டாப் ஹேங் ஆகுது" என்று பசங்கள் சொல்வதில் பாதி இதுதான். கார்டு மெமரியைப் பிறகு கூட்டவே முடியாது.

எல்லாருக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான்: பிறகு மாற்ற முடியாதவற்றில் பணத்தைப் போடுங்கள். கிராபிக்ஸ் கார்டு, பிராசசர், டிஸ்ப்ளே, சூட்டை வெளியேற்றும் அமைப்பு, இந்த நாலும் வாங்கிய அன்று இருந்தபடிதான் கடைசி வரை. ராமும் (வேலை நடக்கும்போது பயன்படும் மெமரி) எஸ்எஸ்டியும் (ஃபைல், கேம்களைச் சேமிக்கும் டிஸ்க்) அடுத்த வருஷம்கூடப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கடையில் பலர் செய்வது தலைகீழ். 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி என்ற பெரிய எண்களைப் பார்த்து, 2050 கார்டு உள்ளதை எடுத்துவிடுகிறார்கள். அதே விலைக்கு, ராம் 8 ஜிபி மட்டும் உள்ள நல்ல கார்டு லேப்டாப் பக்கத்திலேயே இருந்திருக்கும்.

ராமில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு ராம் போட்டு, இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விட்டுத்தான் பல லேப்டாப்கள் வருகின்றன. டிடிஆர்4 3200 ராம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி அளவுக்குத்தான் தகவல் போய்வரும். இரண்டாவதைப் போட்டால் பாதை இரட்டிப்பாகி 51.2 ஆகும். கேமில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதனால் ஒரு ஸ்லாட் காலியாக இருப்பது குறையில்லை, நமக்கு வசதிதான். ராமை மதர்போர்டிலேயே சால்டர் செய்து, ஸ்லாட்டே இல்லாமல் வரும் மாடல்தான் ஆபத்து. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். கடையிலேயே பார்த்துவிடலாம். பின்மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பிராசசரில் ஐ5, ஐ7 என்ற முன்பெயரை நம்பாதீர்கள், கடைசி எழுத்தைப் பாருங்கள். யு என்றால் கரண்டை மிச்சம் பிடிக்கும் ரகம், எச் என்றால் வேகத்துக்கான ரகம். ஐ7 1355யு என்பதில் வேகமான கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்) இரண்டுதான். ஐ5 12450எச் என்பதில் நாலு. பேர் பெரிசாக இருக்கும் ஐ7, கேமில் ஐ5-இடம் தோற்கும். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசசரில் இன்னும் குழப்பம்: 7520யு என்று 7000 வரிசையில் வந்தாலும் உள்ளே இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 கட்டமைப்பு. இந்த வரிசையின் நாலு எண்ணில் மூன்றாவதுதான் எந்தத் தலைமுறை என்று சொல்லும். ரைசன் 7 7435எச்எஸ் வைத்து மலிவாக வரும் லேப்டாப்களும் உண்டு. வேகத்துக்குக் குறைவில்லை, ஆனால் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. வேர்டில் அசைன்மென்ட் அடிக்கும்போதுகூட பெரிய கார்டே வேலை செய்தாக வேண்டும். பேட்டரி கரையும். வகுப்புக்குத் தூக்கிப் போகிற பிள்ளைக்கு அது வேண்டாம்.

டிஸ்ப்ளேயில் 144 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு 144 முறை படம் மாற்றும்) என்று மட்டும் எழுதியிருந்தால் போதும் என்று நினைக்கிறோம். கூடவே சின்ன எழுத்தில் 250 நிட்ஸ், 45 சதவீத என்டிஎஸ்சி என்றிருக்கும். முதலாவது வெளிச்சத்தின் அளவு, அடுத்தது நிறங்களின் அளவு, இரண்டுமே குறைவு. சிவப்பு செங்கல் நிறத்தில் தெரியும், பகலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் நம் முகம்தான் தெரியும். டிசைன், வீடியோ எடிட்டிங் பக்கம் போகிறவர்கள் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி (நிறங்களுக்கான இன்னொரு அளவு) திரை உள்ளதற்கு மூவாயிரம், நாலாயிரம் கூடக் கொடுக்கலாம். அந்தப் பணம் வீணில்லை.

என்ன விளையாடப் போகிறோம் என்றே யோசிக்காமல் வாங்குவதும் பெரிய தவறு. வாலரண்ட் கேம் மட்டும்தான் ஆடுவான் என்றால், நொடிக்கு 144 பிரேம் (படம்) வர அந்த கேமின் கம்பெனியே சொல்வது 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. அவனுக்கு 3050 தாராளம், மிச்சக் காசை அம்மாவிடமே திருப்பிக் கொடுக்கலாம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரி கனமான கேமுக்கு ஆசைப்படுகிறவனுக்குக் கணக்கு வேறு. அது ஒன்றுக்கே 150 ஜிபி இடம் வேண்டும். 512 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 476 என்றுதான் காட்டும், அதிலும் விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது எஸ்எஸ்டிக்கு எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி சொருகும் இடம்) காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

பேட்டரியில் கேம் ஆடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 57 வாட் அவர் பேட்டரியிலிருந்து 120 வாட் இழுத்தால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் சார்ஜரைக் கழற்றியதும் லேப்டாப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. போன் சார்ஜரைச் சொருகி ஆடுவதும் நடக்காது. கூட வரும் கனமான அடாப்டரையும் பையில் சுமக்க வேண்டும், எடை பார்க்கும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

நம் ஊர் வெயிலில் சூடுதான் முதல் எதிரி. சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத ஹாஸ்டல் அறையில், மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து ஆடினால் அடிப்பக்கத் துளைகள் அடைபட்டுவிடும். பிராசசர் 95, 100 டிகிரிக்குப் போய்த் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். இரண்டு வருஷத் தூசியும் காய்ந்த தெர்மல் பேஸ்டும் (பிராசசர் சூட்டைக் கடத்தப் பூசும் பசை) சேர்ந்தால் புது லேப்டாப் பழசாகிவிடும். ஒரு மரப்பலகையும் வருஷத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்வதும் போதும்.

பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடி என்று தள்ளிவிடுவதும் உண்டு. எம்ஆர்பியில் எத்தனை சதவீதம் குறைத்தார்கள் என்று பார்க்காதீர்கள், அதே கார்டு, அதே வாட் உள்ள மற்ற மாடல் என்ன விலை என்று பாருங்கள். விலை குறைவாக வரும் சிலவற்றில் விண்டோஸ் இருக்காது, டாஸ் என்று போட்டிருக்கும். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

வாங்கிய முதல் வாரம் முக்கியம். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். பல மாதம் முன்பே தொடங்கியிருந்தால் பில்லைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று மாற்றி மாற்றி வைத்து, அணையாத புள்ளி, எரியாத புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு சார்ஜரைச் சொருகி, மேசை மேல் வைத்து, கனமான கேம் ஒன்றை முழுசாக ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். நடுவில் தானாக அணைந்தாலோ, விசைகள் மேல் விரல் வைக்க முடியாதபடி சுட்டாலோ, மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் புகாரைப் பதிந்துவிடுங்கள்.