ஹெரால்டுக்கு டயரும் ஸ்பிரிங்கும் எடுப்பது எப்படி

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வாங்கியவர்கள் பாளையங்கோட்டையில் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணாச்சி, கொஞ்சம் அகலமான டயர் போடலாமா?"

முதலில் ரிம்மை அளந்து பாருங்கள். கம்பெனி ரிம் 3.5 அங்குல அகலம்தான் இருக்கும். அதற்குச் சரியான ரேடியல் 145/80 ஆர்13. வேகன் ஆருக்கு வந்த அளவு அது, வண்ணார்பேட்டையிலேயே கிடைக்கும். 155/80 போட 4 அங்குல ரிம்மாவது வேண்டும், 165/70 போட 4.5. ஒடுங்கின ரிம்மில் அகல டயரை ஏற்றினால் பக்கச்சுவர் உப்பி, வளைவில் நெளியும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது.

உயரமும் பார்க்க வேண்டும். டயரின் அகலம் 145 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 116; மேலும் கீழும் சேர்த்து 232. 13 அங்குல ரிம் 330. மொத்தம் 562. இதே கணக்கில் 155/80 போட்டால் 578 வரும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-ஐ நெருங்கியிருக்கும்.

டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும், பழைய சரக்கை வாங்காதீர்கள். முன்னால் ரேடியல், பின்னால் பழைய நைலான் டயர் என்று ஒருபோதும் கலக்காதீர்கள். பின்பக்கம் பிடிப்பு விட்டுச் சுழன்றுவிடும்.

இனி ஸ்பிரிங். முன்னால் காயில், பின்னால் டிபரென்ஷியல் (இன்ஜின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மேல் குறுக்காகக் கட்டிய ஒரே பட்டை ஸ்பிரிங். ஸ்பிட்பயர் ஸ்போர்ட்ஸ் காருக்கும் அடிப்படை இதேதான். பின் சக்கரம் டிபரென்ஷியல் பக்கமுள்ள இணைப்பை மையமாக வைத்து ஆடுவதால், பின்பக்கம் உயர்ந்தால் சக்கரங்களின் அடிப்பாகம் உள்ளே வாங்கும். அப்படி நிற்கிற வண்டியை செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகிற வளைவுகளில் வேகமாகத் திருப்பி, பயந்து ஆக்சிலேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி வண்டியின் பின்பக்கத்தையே தூக்கும். இந்த வண்டியில் உயிருக்கு ஆபத்தான இடம் இதுதான்.

அதனால்தான், "பின்னால் தொங்குது, இன்னொரு பட்டை சேர்த்துடலாம்" என்று லாரி ஸ்பிரிங் பட்டறையில் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அதே பட்டைகளைச் சூடு காட்டாமல் அடித்து வளைவு எடுக்கச் சொல்லுங்கள். முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து, அரை டாங்க் பெட்ரோலுடன் நிற்கும்போது பின் சக்கரங்களின் மேற்பாகம் உள்ளே லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். அதிகம் சாய்ந்தால் டயரின் உள்விளிம்பு தேயும்.

ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்காதீர்கள். சக்கரங்கள் மடங்கியபடியே நிற்கும். முன்னும் பின்னும் சில அடி உருட்டிவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறை) போல்ட்டுகளையும் வண்டி தரையில் சுமையோடு நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுகி, உயரமும் பொய்யாகிவிடும், புஷ்ஷும் கிழியும்.

ஸ்பிட்பயருக்கு 1970-இல் மாற்றி வந்த ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைத் தவிர மற்றவை ஆட விட்டிருந்தார்கள். சக்கரம் உள்ளே மடங்கும் கோளாறை அது பெருமளவு அடக்கியது. அதை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் முன்னால் தடித்த ஆன்டி ரோல் பாரும் சேர்த்தே வாங்குங்கள், இல்லையென்றால் வண்டி அதிகம் சாயும். ஹெரால்டுக்குப் பிறகு வந்த ஸ்டாண்டர்டு கேசல் காரில் இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே நேர் அச்சு, அங்கே இந்தக் கவலை இல்லை.

முன் காயிலைச் சுற்றறுத்துத் தாழ்த்துவது எனக்குப் பிடிக்காத வேலை. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும், நம் வேகத்தடைகளில் அடி தட்டும். கேஸ் வெல்டிங்கில் அறுத்தால் எஃகின் பதமும் போய்விடும். புதிதாகச் செய்யக் கொடுத்தால் கம்பியின் தடிமனைத் துல்லியமாக அளந்து கொடுங்கள். 10 சதவீதம் தடித்தாலே விறைப்பு 46 சதவீதம் கூடும்.

இவ்வளவும் முடிந்து கொஞ்சம் ஓட்டிய பிறகு அலைன்மென்ட் பாருங்கள். புது ஸ்பிரிங் சற்று இறங்கியிருக்கும், பின் சாய்வையும் அப்போதே மறுபடி அளந்துவிடலாம்.