பனங்கட்டி போட்டால் புக்கை ஏன் வேகாமல் நிற்கிறது?

சீனியை விட்டுப் பனங்கட்டிக்கும் தேனுக்கும் மாறுகிற வன்னி வீடுகளில் ஒரே பிழைகள்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன. இனிப்புக் கூடியது, அடிப்பிடித்தது எல்லாம் தானாகத் திருந்தும். திருந்தாதவை இவை.

அரிசி வேகமுன் பனங்கட்டி போடுவது

ஒரு பானைப் புக்கையும் (சர்க்கரைப் பொங்கல்) ஒரு முழுத் தேங்காயும் வீணாகிற பிழை. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். தைப்பொங்கலன்று முற்றத்துப் பானை பொங்கியதும் அரிசி, பயறு போட்டு, அந்தக் கையோடே பனங்கட்டியையும் உடைத்துப் போட்டுவிடுகிறார்கள். அரை மணித்தியாலம் கழிய மேலே பாணி மினுங்கும். வாயில் வைத்தால் அரிசி நறுக்கென்னும். உடனே தண்ணீரை விடுவார்கள். புக்கை கஞ்சியாகிவிடும், பயறு மட்டும் கல்லுக் கல்லாய்க் கிடக்கும்.

கரைந்த இனிப்பு தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அரிசிக்குள் இறங்க விடாது. இன்னொன்றும் உண்டு. பனங்கட்டி காய்ச்சுகிற கருப்பநீர் (பதநீர்) புளிக்காமலிருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுகிறார்கள். அதன் கல்சியம் பனங்கட்டியிலும் தங்கிப் பயற்றை இறுக்கிவிடும்.

ஒரு சுண்டு (அளக்கும் பேணி) சிவப்புப் பச்சையரிசி, கால் சுண்டு வறுத்த பயறு. தேங்காயின் இரண்டாம் பாலும் தண்ணீருமாக ஐந்து சுண்டு. வெந்துவிட்டது என்று தோன்றும்போது ஒரு சோற்றை விரலிடையில் நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டுத் தெரிந்தால் இன்னும் வேகவேண்டும். பயறும் கூழாய் மசியவேண்டும். அதற்கிடையில் 250 கிராம் பனங்கட்டியை அரைக் கோப்பைத் தண்ணீரில் சூடாக்கிக் கரைத்துத் துணியில் வடியுங்கள். துணியில் மணலும் ஓலைத் துரும்பும் நிற்கும். நெருப்பைத் தணித்து, பாணியை விட்டு ஐந்து நிமிடம் கிளறுங்கள். முதற்பால் கடைசியில். அது கொதிக்கமுன் இறக்கிவிடுங்கள்.

முந்திப் போட்டுவிட்டால் பச்சைத்தண்ணீர் விடாதீர்கள். கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மூடி, தணலில் வையுங்கள். அரிசி ஓரளவு மசியும். பயறு மசியாது.

கொதிக்கிற பசுப்பாலில் பனங்கட்டி

திரைந்துவிடும். தேத்தண்ணிக்குக் கடித்துக்கொண்டு குடிப்பதே நல்லது.

தேன்

ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு ஒரு துளியும் வேண்டாம்.

‘நீரிழிவுக்குப் பனங்கட்டி பாதகமில்லை’

பாதகம் உண்டு. அதிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கிற அதே இனிப்புத்தான்.

பனங்களியைப் பச்சையாகக் குழைப்பது

பணியாரத்துக்குப் பனம்பழக் களியை முதலில் கொதிக்கவைத்து ஆறவிட்டே மாவைச் சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் பச்சை வாடை போகாது. ஆனால் கசப்பு, காய்ச்சினாலும் போகாது. ஒரு கசப்புப் பழம் சட்டிக் களி முழுவதையும் கெடுத்துவிடும். பிழியமுன் ஒவ்வொரு பழத்திலும் ஒரு தும்பைச் சூப்பிப் பாருங்கள். கசப்பதை மாட்டுக்குப் போட்டுவிடுங்கள்.