கார் நிறுத்தும் இடத்துக்குத் தரை போடும்போது நாம் செய்யும் தவறுகள்

வீடு கட்டி முடிக்கிற நேரத்தில், கையில் இருந்த காசும் பொறுமையும் கரைந்த பிறகுதான் கார் நிறுத்தும் இடத்தின் பக்கம் வருவோம். “போர்டிகோதானே சார், ஹாலுக்கு வாங்கினதுல நாலஞ்சு பெட்டி மிச்சம் இருக்கு, அதையே ஒட்டிரலாம்” என்பார் மேஸ்திரி. நமக்கும் சரியென்றே படும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் இரண்டடி டைல்ஸ். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். ஐப்பசி மழை ஆரம்பித்த முதல் வாரமே, நனைந்த டயரோடு ஸ்கூட்டரை உள்ளே திருப்பிய என் தங்கை வண்டியோடு சறுக்கி விழுந்தாள். அடுத்த வருடம், காரின் முன்சக்கரம் நிற்கிற இடத்தில் மூன்று டைல்ஸ் விரிசல் விட்டன.

ஹால் டைல்ஸின் மீது குற்றமில்லை. அது சோபாவையும் மனிதர்களையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. சாதாரணக் கார் ஒன்று ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு கிலோ இருக்கும். அந்த எடை முழுவதும் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய நான்கு இடங்களில்தான் இறங்குகிறது. போதாததற்கு, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்புகிறோம். டயர் தரையை அம்மி மாதிரி அரைக்கிறது. ஹால் டைல்ஸ் பெரும்பாலும் 8 முதல் 10 மி.மீ. கனம். பார்க்கிங் டைல்ஸில் 12, 16 மி.மீ. என்று கேட்டே வாங்கலாம். ஓரடிக்கு ஓரடி அளவு போதும். வாட்டத்துக்கு, அதாவது தண்ணீர் ஓட விடும் சரிவுக்கு, ஏற்றபடி சாய்த்து ஒட்டச் சின்ன டைல்ஸ்தான் தோது.

கடையில் காய்ந்த டைல்ஸைத் தடவிப் பார்த்து எடுப்பது இன்னொரு தவறு. தண்ணீர் பாட்டிலைத் திறந்து மேலே ஊற்றி, செருப்புக் காலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். வழுக்கலுக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஒரு தர எண் உண்டு. எண் ஏற ஏற வழுக்கல் குறையும். மழைச்சாரல் அடிக்கும் திறந்த போர்டிகோவுக்கு ஆர் 11 சரியாக இருக்கும். அதற்காக ஆழமான வரிவரிப் பள்ளம் உள்ளதையும் எடுக்காதீர்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் மண் அடைந்து, விளக்குமாறு வராமல், பெருக்குகிறவர் உங்களைத் திட்டுவார். வாசலை ஒட்டிக் கோலம் போடும் வீடென்றால் அந்த ஓரத்துக்கு மட்டும் சொரசொரப்பு சற்றுக் குறைந்த கல் வைத்துக்கொள்ளலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வரி: வெள்ளையில் டயர் தடம் தெரியும், கறுப்பில் தூசி தெரியும், வெயிலில் காலும் சுடும். நடுத்தரச் சாம்பல் நிறம் எல்லாவற்றையும் மறைக்கும்.

இவ்வளவும் மேல்தோல் சமாச்சாரம். உண்மையில் தரை கெடுவது அடியில்தான்.

என் டைல்ஸ் ஏன் உடைந்தது என்று பார்க்க வந்த வேறொரு கொத்தனார், பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங் என்று கெட்டியாக வந்த சத்தம், ஒரு மூலையில் டொப் என்று மாறியது. “கேட்டீங்களா? உள்ளே காத்து.” உடைந்த ஒன்றைப் பெயர்த்துக் காட்டினார். நடுவில் ஒரு உருண்டை, நான்கு மூலையில் நான்கு உருண்டை என்று கலவையை வைத்து அமுக்கியிருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் வெற்றிடம். முழுக்கத் தாங்கல் இருந்தால் டைல்ஸ் லேசில் உடையாது. அடியில் பொள்ளலாக இருந்தால் 16 மி.மீ. கூடத் தெறிக்கும். பல் வைத்த கரண்டியால் பசையை முழுக்க இழுத்து, டைல்ஸின் முதுகிலும் தடவி ஒட்டச் சொல்லுங்கள். கடைசித் தவணைக் கூலியைக் கொடுப்பதற்கு முன் நாணயத்தை எடுத்துத் தட்டி, பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

அதற்கும் கீழே போனால் மண். கட்டட வேலையில் விழுந்த உடைசல் செங்கல், காய்ந்த கலவை, காலி சிமெண்ட் பை எல்லாவற்றையும் போர்டிகோ குழியில் தள்ளி மூடுவது பல இடங்களில் வழக்கம். முதல் மழைக்காலத்தில் அது உட்காரும், கூடவே தரையும் உட்காரும். கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்க வேண்டும். அதன் மேல் நான்கு அங்குலமாவது கான்கிரீட். அந்தக் கான்கிரீட் தூணோடும் சுவரோடும் சேரும் இடத்தில் அரை அங்குலத் தெர்மாகோல் பட்டை வைத்துப் பிரித்துவிட்டால், தூண் ஓரத்து விரிசல் பெரும்பாலும் வராது. பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு வெட்டு விட வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட் தனக்குப் பிடித்த இடத்தில் தானே வெட்டிக்கொள்ளும். மேலே டைல்ஸ் போட்டாலும் அந்த வெட்டுக்கு நேராக இணைப்பு வருகிற மாதிரி ஒட்டச் சொல்லுங்கள்.

வாட்டம். 15 அடிக்கு 2 அங்குலம் இருந்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும், நடப்பவருக்குச் சரிவும் தெரியாது. எந்தப் பக்கம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கேட்டைப் பார்த்து வாட்டம் கொடுப்பது வழக்கம். ஆனால் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு உயர்த்திய தெருவாக இருந்தால், அங்கிருந்து தண்ணீர் உள்ளே வரும். கேட்டுக்கு உள்பக்கம் குறுக்கே ஒரு வடிகால், அதன் மேல் கம்பிக் கிராதி, அதுதான் வழி. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே கான்கிரீட் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்.

நம் ஊர் போர்டிகோவுக்கு அடியில் பெரும்பாலும் சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருக்கும். சம்ப் மூடி தரையின் தாழ்வான இடத்தில் அமைந்துவிட்டால், கார் கழுவிய தண்ணீரும் சொட்டிய ஆயிலும் நேராகக் குடிதண்ணீரில் கலக்கும். மூடி மேடான பக்கம் இருக்க வேண்டும், விளிம்பு சற்று உயர்ந்து நிற்க வேண்டும். சக்கரம் ஏறும் பாதையில் மூடி வரவே கூடாது. சம்பின் கூரை கார் எடையைத் தாங்குமா என்பதை டைல்ஸ்காரரிடம் கேட்காதீர்கள், பொறியாளரிடம் கேளுங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு எபாக்சி என்கிற பிசின் பூச்சைக் கேட்பவர்கள் இப்போது அதிகம். கண்ணாடி மாதிரி மின்னும், ஆயில் சொட்டினாலும் துடைத்துவிடலாம். ஷட்டர் போட்டு மூடிய கராஜுக்கு நல்ல பொருள்தான். நம்முடையது வெயில் நேராக அடிக்கும் திறந்த இடம். வெயில் பட்டால் எபாக்சி மஞ்சளடிக்கும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த சூடான டயர் அதைப் பிய்த்துக்கொண்டு வரும். அடியில் ஈரம் ஏறினால் கொப்புளம் விடும். ஆசை விடவில்லை என்றால், ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். மறுநாள் உள்ளே நீர் முத்துமுத்தாக இருந்தால், அந்தத் தரையில் பூச்சு நிற்காது.

கிரானைட் போடலாம், ஆனால் பாலிஷ் போட்டது கூடாது. நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய ‘பிளேம்டு’ வகை இருக்கிறது. என் கணக்கில் பல வருடம் உழைப்பதில் இதற்கு ஈடில்லை. கடப்பாவும் கோட்டாவும் சுண்ணாம்புக்கல் இனம். ஆசிட் ஊற்றிக் கழுவுகிற வீட்டுக்கு ஒத்துவராது. டைல்ஸ் இணைப்பில் உள்ள சிமெண்டையும் ஆசிட் தின்றுவிடும் என்பதால், அந்த பாட்டிலை யாருமே தொடாமல் இருப்பது நல்லது.

பட்ஜெட் இடித்தால் 60 மி.மீ. கனமுள்ள பேவர் பிளாக், அதாவது பக்கம் பக்கமாக அடுக்கும் சிமெண்ட் கல், போடுங்கள். ஓரத்தில் கெட்டியான கட்டு இல்லாவிட்டால் வரிசை மெல்ல மெல்ல விரியும், இடுக்கில் எறும்பும் புல்லும் வரும். ஆனால் அடியில் குழாய் வெடித்தால் நாலு கல்லைப் பெயர்த்து, வேலை முடிந்ததும் அதே கல்லை வைத்துவிடலாம். வேறெந்தத் தரையிலும் இந்த வசதி இல்லை.

அப்புறம், அவசரம். கான்கிரீட்டை ஏழு நாளாவது தண்ணீர் கட்டி நனைக்க வேண்டும். கார் ஏற்ற 28 நாள் பொறுங்கள். டைல்ஸ் ஒட்டி ஒரு வாரமாவது வண்டி தெருவில் நிற்கட்டும். நல்ல நாள் பார்த்தாயிற்று என்று மறுநாளே ஏற்றினால், இறுகாத பசை நகர்ந்து பொள்ளல் அன்றைக்கே தொடங்கிவிடும்.

ஒரு பெட்டி டைல்ஸ் கூடுதலாக வாங்கி வையுங்கள். அதே டிசைன் பிறகு கிடைத்தாலும் அதே ஷேடு கிடைப்பது அபூர்வம். எங்கள் பரணில் இப்போது ஆறு டைல்ஸ் இருக்கின்றன. ஷேடு எண்ணைப் பெட்டியின் மேல் மார்க்கரால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.