மலையகத்தில் கடை ஏறுமுன்

வெளிநாட்டிலிருந்து இலங்கை மலையகம் போகிறவர்களுக்குக் குளிர்ச்சட்டையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது கடைவீதியைப் பற்றித்தான். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இறங்கியதும் ஒவ்வொரு விலையையும் டாலரில் மாற்றிப் பார்க்கிறோம். எல்லாம் மலிவாகத் தெரிகிறது. 2022இல் ரூபாய் சரிந்தபின் இந்த மயக்கம் இன்னும் கூடிவிட்டது. டாலரை விட்டுவிட்டு விலையை 1350ஆல் வகுத்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த குறைந்தபட்ச நாட்சம்பளம் அது. 27,000 ரூபாய்ச் சேலை என்றால் இருபது நாள் கொழுந்து பறிக்க வேண்டும்.

அடுத்தது, உறவினரோடு கடைக்குப் போகாதீர்கள். "சும்மா பார்த்துவிட்டு வருவோம், தம்பி" என்றுதான் அத்தை கூப்பிட்டார். பேத்தியின் சடங்குக்கு ஒரு சேலை, அவ்வளவுதான் பேச்சு. கடைக்காரர் என் சப்பாத்தைப் பார்த்தே கணக்குப் போட்டிருக்க வேண்டும். நாற்காலி வந்தது, சோடா வந்தது, பிறகு மேல்தட்டிலிருந்து பட்டு இறங்கத் தொடங்கியது. பேத்திக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா என்று இன்னொன்று. எங்கிருந்தோ வந்து சேர்ந்த அத்தையின் மருமகன், பக்கத்துக் கடையில் கைத்தொலைபேசி விலை விசாரித்துவிட்டு வந்தான். காசு கட்டும் நேரத்தில் வங்கி என் அட்டையை முடக்கியது. நான் வங்கியோடு தொலைபேசியில் மல்லுக்கட்ட, "வெளிநாட்டில் இருந்தும் இப்படியா" என்றான் அவன், எனக்குக் கேட்கட்டும் என்றே.

அவனுக்குச் சுடச்சுடப் பதில் வைத்திருந்தேன். ஆனால் அத்தை, பட்டைத் தொடுமுன் கையை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். எவ்வளவு துடைத்தாலும் விரல் ரேகைகளில் கொழுந்துக் கறை போகாது. நான் வெளிநாடு போக அடகுக்குப் போனது அவருடைய தோடு. அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் மறுப்பது சுலபம்.

ஆகவே முதலில் உறவினர் வீட்டில் இருந்து பாருங்கள். லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) கூரை ஒழுகுகிறதா, பிள்ளையின் டியூஷன் காசு பாக்கியா என்று தெரியவரும். கொடுக்க நினைத்ததை ரொக்கமாக, அத்தையின் கையிலேயே, மருமகன் இல்லாத நேரமாகக் கொடுத்துவிடுங்கள். அதன்பின் கடைக்குத் தனியாகப் போங்கள். அட்டை அறையிலேயே இருக்கட்டும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் எதையும் வாங்காதீர்கள், கோவா (முட்டைக்கோஸ்) உட்பட.

தேயிலை வாங்கலாம். யானைப் படம் போட்ட மரப்பெட்டி உல்லாசப் பயணிகளுக்கானது. சிலோன் தேயிலைக்கான சிங்க இலச்சினை இருக்கிறதா, உள்ளே என்ன வகை என்று பாருங்கள். பால் தேநீருக்குப் பொடி வகைகளான டஸ்ட் அல்லது பி.ஓ.பி.எஃப். போதும். சாதாரணப் பொதியில் வாங்குங்கள். தகர டின்னில் வாங்கினால் விமானத்தில் பாதி எடை டின்னுக்கே போய்விடும்.