பர்ரிட்டோ கிழிவது எதனால்? வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதன்முதலில் செய்த பர்ரிட்டோவைக் கரண்டியால்தான் சாப்பிட்டேன். கையில் எடுத்த மாத்திரத்தில் அடிப்பக்கம் பிய்ந்து, சோறும் பீன்ஸும் தக்காளிச் சாறும் தட்டில் கொட்டின. சப்பாத்தி போல மெல்லிய ரொட்டியான டோர்ட்டியா, ஊறிப்போய் நனைந்த துணியைப் போல மேலே கிடந்தது. ருசி ஒன்றும் மோசமில்லை. ஆனாலும் கையில் பிடித்துச் சாப்பிட முடியாத ஒன்றைப் பர்ரிட்டோ என்று சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை. அதன் பிறகு பல முறை செய்து, பல விதமாகக் கெடுத்து, ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டேன். இந்தப் பண்டத்தில் நேரும் பிழைகளில் முக்கால்வாசி ஈரத்தின் கணக்குப் பிழைகள். ஈரம் வேண்டிய இடத்தில் அது இருக்காது. வேண்டாத இடத்தில் தேங்கி நிற்கும். மீதிக் கால்வாசிக்குப் பேராசை காரணம்.

பர்ரிட்டோ என்ற ஸ்பானியச் சொல்லுக்குச் சின்னக் கழுதை என்று பொருள். கோதுமை விளையும் வடக்கு மெக்சிகோவில், சொனோரா, சிவாவா பகுதிகளில், இன்றும் அது மெலிந்த உருவம்தான். ஒன்றோ இரண்டோ பூரணம், அதைச் சுற்றி ஒரு டோர்ட்டியா, அவ்வளவே. சோற்றையும் சேர்த்துத் திணித்து, அலுமினியத் தாளில் சுற்றித் தரும் பருத்த வடிவம், 1960களில் சான் பிரான்சிஸ்கோ நகரின் மிஷன் பகுதியில் இருந்த மெக்சிகோ உணவுக் கடைகளிலிருந்து பரவியது. வீட்டில் நாம் செய்ய முயல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான். பாரம் கூடிய கழுதை என்பதால் தடுக்கி விழும் இடங்களும் அதிகம்.

பீன்ஸில் தொடங்கும் தவறுகள்

இங்கே பீன்ஸ் என்று சொல்வது பச்சைக் காயை அல்ல, முற்றி உலர்ந்த விதையை. பின்டோ, கருப்பு பீன்ஸ் இரண்டும் பர்ரிட்டோவுக்கு வழக்கமானவை. ராஜ்மாவும் பொருந்தும், ஆனால் அதில் அவசரம் கூடாது. சரியாக வேகாத ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டும் லெக்டின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்டால்தான் அது செயலிழக்கும். அரை மணி நேரம் கொதித்தால் இன்னும் நல்லது. மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் ஊறிய ராஜ்மாவை அப்படியே போட்டுவிட்டுப் போவது உண்மையிலேயே ஆபத்தான தவறு. அந்தப் பாத்திரம் கொதிநிலையை எட்டாமலேயே மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கலாம். அந்தச் சூட்டில் நச்சு அழிவதில்லை. பிரஷர் குக்கரில் இந்தக் கவலை இல்லை. டப்பாவில் வரும் பீன்ஸ் ஏற்கெனவே வெந்தது என்பதால் அதிலும் இல்லை.

உப்பை முதலிலேயே போட்டால் பீன்ஸ் வேகாது என்ற எச்சரிக்கையைப் பல சமையல் குறிப்புகளில் பார்க்கலாம். நானும் வெகுகாலம் நம்பினேன். உண்மை நேர்மாறானது. ஊறவைக்கும் தண்ணீரிலேயே உப்பைக் கரைத்தால் (லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி), தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. தோல் மிருதுவாகிறது, வெடிப்பது குறைகிறது, உப்பும் உள்வரை இறங்குகிறது. வேகவிடாமல் தடுப்பது புளிப்புதான். தக்காளி, எலுமிச்சைச் சாறு, வினிகர் எதுவானாலும் பீன்ஸ் விரலில் நசுங்கும் பதத்துக்கு வந்த பிறகே சேர்க்க வேண்டும். தொடக்கத்திலேயே தக்காளியைப் போட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்தும் வேகவில்லையே என்று பீன்ஸைக் குறை சொல்வதில் நியாயமில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் வேகவில்லை என்றால், அது அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த பழைய விதையாக இருக்கலாம். கால்சியம், மக்னீசியம் மிகுந்த கடினநீரும் இதே வேலையைச் செய்யும்.

வெந்த பீன்ஸை முழுசாக, சாற்றோடு அள்ளி வைப்பதுதான் என் முதல் பர்ரிட்டோவைக் கவிழ்த்தது. அதற்காகச் சாற்றை ஒட்ட வடித்தால் வேறு சங்கடம் வரும்: பீன்ஸ் கோலிக்குண்டுகளைப் போல உருண்டு, கடித்த பக்கமெல்லாம் உதிரும். நடுவழி ஒன்று உண்டு. கொஞ்சம் எண்ணெயில் வெங்காயம், பூண்டு, சீரகத்தூள், மிளகாய்த்தூள் வதக்கி, பீன்ஸையும் அரை கப் வேகவைத்த சாற்றையும் ஊற்றி, மூன்றில் ஒரு பங்கை மட்டும் கரண்டியின் அடியால் மசித்துச் சுண்டவிடுங்கள். பாத்திரத்தின் குறுக்கே கரண்டியை இழுத்தால் விழும் கோடு உடனே மூடாமல் சற்று நின்று மூட வேண்டும். அதுதான் பதம். மசிந்த பங்கு பசையாகி மற்ற எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. மெக்சிகோவின் ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிதோஸ் இதன் முழுமையான வடிவம். பெயரில் உள்ள 'ரெ'வை மீண்டும் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு முறை வறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். மெக்சிகோ வழக்கில் அந்த 'ரெ' நன்றாக என்ற அழுத்தத்தையே தருகிறது.

மசாலாத் தூள்களைக் கடைசியில் மேலே தூவுவது இன்னொரு பொதுவான பிழை. சீரகத்தின் மணம் எண்ணெயில் இறங்கக்கூடியது. தண்ணீரில் போட்டால் மண்வாசனையோடு நின்றுவிடும். உப்பையும் கொஞ்சம் முன்னோக்கிப் பார்த்துப் போட வேண்டும். பீன்ஸைத் தனியாக ருசி பார்க்கும்போது சரியாக இருந்தால், சோற்றுக்கும் மாவுக்கும் நடுவே போன பிறகு சப்பென்று இருக்கும். ஒரு சிட்டிகை தூக்கலாகவே இருக்கட்டும்.

சோறு

குழைந்த சோறு பர்ரிட்டோவுக்குள் போனால் களிதான். நீளமான அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, வடியவிட்டு, எண்ணெயில் இரண்டு மூன்று நிமிடம் வறுத்த பிறகு தண்ணீர் ஊற்றினால் பருக்கை தனித்தனியாக நிற்கும். மெக்சிகோவின் சிவப்புச் சோறும் இப்படித்தான் தொடங்குகிறது. அதில் தண்ணீரோடு அரைத்த தக்காளியும் சேரும். மூடிபோட்ட பாத்திரத்தில் ஒரு கப் அரிசிக்கு ஒன்றரைக் கப் அளவில் தொடங்கிப் பாருங்கள். அடுப்பை அணைத்த பிறகு பத்து நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள்.

வெந்த சோற்றை நேராகப் பாத்திரத்திலிருந்து டோர்ட்டியாவுக்கு மாற்றுவதுதான் பலர் கவனிக்காத தவறு. கொதிக்கும் சோற்றிலிருந்து எழும் ஆவிக்கு உள்ளே போக்கிடம் இல்லை. அது நீராகி மாவில் இறங்குகிறது. அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கி இளஞ்சூடு மிஞ்சும்வரை காத்திருந்தால் போதும்.

காத்திருப்பது என்றால் மதியம் வரை மேசையில் விட்டுவைப்பது அல்ல. சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்த பிறகும் உயிரோடு இருக்கும். அறைவெப்பத்தில் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. மீண்டும் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. மீந்த சோறு அதிகபட்சம் இரண்டு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரத்தில், ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது.

அளவு விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: பீன்ஸ் இரண்டு பங்கு என்றால் சோறு ஒரு பங்குக்கு மேல் கூடாது. வயிற்றை நிறைக்கும் மலிவான வழி என்று சோற்றை ஏற்றினால் வாய்க்கு வருவது மாவும் மாவும். புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில், சோற்றில் லைசின் குறைவு, பீன்ஸில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுவதால் இந்தச் சோடி புரதத்துக்கும் நல்லது.

டோர்ட்டியா கிழிவது

இந்த இடத்தில்தான் ஈரம் போதாமல் போகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டோர்ட்டியாவில் மாவுச்சத்து மீண்டும் இறுகிப்போயிருக்கும். அந்த நிலையில் மடித்தால் மடிப்புக்கோட்டிலேயே பிளக்கும். எண்ணெய் விடாத தவாவில் பக்கத்துக்கு இருபது முப்பது விநாடி போட்டால் இறுக்கம் விட்டு, தொங்கும் பதத்துக்கு வரும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டால் மொறுமொறுப்பாகி மறுபடியும் உடையும். எடுத்தவுடன் சுத்தமான துணிக்குள் அடுக்கி மூடுங்கள். தன் ஆவியிலேயே அது மேலும் இளகும். மிஷன் பகுதிக் கடைகளில் ஆவியில் காட்டுவதும் இதற்காகத்தான். ஒவ்வொன்றாகச் சூடாக்கி ஒவ்வொன்றாகச் சுற்றுவதும் நல்ல வழி. எட்டையும் சூடாக்கித் திறந்த தட்டில் வைத்துவிட்டுப் பூரணத்தைக் கிளறிக்கொண்டிருந்தால், திரும்பிப் பார்க்கும்போது எல்லாம் அட்டையாகியிருக்கும்.

மக்காச்சோள டோர்ட்டியாவில் சுற்றிப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம்தான் இழுத்தால் நீளும் தன்மையைத் தருகிறது. சோளத்தில் அது இல்லை. விட்டம் 25 முதல் 30 சென்டிமீட்டர் இருக்கட்டும். சிறிய டோர்ட்டியாவில் பெரிய பர்ரிட்டோ செய்ய முயல்வது, குழந்தையின் சட்டையைப் பெரியவருக்கு மாட்டுவது போலத்தான்.

தக்காளி, சீஸ், அவகாடோ

பொடியாக நறுக்கிய தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லியைக் கலக்கும் பீகோ தே காயோ, கிண்ணத்தில் இருக்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. உப்பு பட்டதும் தக்காளி நீர்விடத் தொடங்குகிறது, அந்த நீர் பர்ரிட்டோவின் அடிக்குப் போகிறது. உப்பிட்டு கால் மணி நேரம் வடிகட்டியில் வைத்த பிறகு பயன்படுத்தினால் தொல்லை இல்லை. தக்காளியின் விதைக்குழம்பை முதலிலேயே நீக்கிவிட்டால் இன்னும் சுலபம்.

சீஸைக் கட்டியாக வாங்கித் துருவுங்கள். துருவியே விற்பதில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச் போன்ற தூள் சேர்த்திருப்பார்கள். அது வழுவழுப்பாக உருகுவதைக் கெடுக்கும். சூடான டோர்ட்டியாவின் மேல் முதலில் சீஸைத் தூவி, அதன் மேல் பீன்ஸைப் பரப்பினால், உருகிய கொழுப்பு மாவுக்கும் ஈரத்துக்கும் நடுவே ஒரு தடுப்பாக நிற்கிறது. அடுத்து சோறு, மேலே தக்காளி. அவகாடோவும் புளிப்புக் கிரீமும் உடனே சாப்பிடுவதாக இருந்தால் மட்டும் உள்ளே போகலாம்.

சுற்றுவதும் மூடுவதும்

பேராசை தலைகாட்டும் கட்டம் இது. 30 சென்டிமீட்டர் டோர்ட்டியாவுக்கு எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கப் பூரணம் போதும். பார்க்கக் குறைவாகத்தான் தெரியும். சுற்றியதும் கனம் புரியும். பூரணத்தை நட்டநடுவில் குவிக்காமல், உங்களை நோக்கிய பக்கமாகச் சற்றுத் தள்ளி, நீளவாக்கில் பரப்புங்கள். சுற்றிலும் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் வெற்றிடம் வேண்டும். முதலில் இரண்டு பக்கங்களையும் உள்ளே மடித்து, அவற்றைப் பிடித்தபடியே கீழ்ப்பகுதியைப் பூரணத்தின் மேல் கொண்டுவந்து, விரல்களால் உள்நோக்கி இழுத்து இறுக்கிய பிறகுதான் உருட்ட வேண்டும். அந்த இழுப்பைத் தவறவிட்டால் உள்ளே காற்றும் இடைவெளியும் இருக்கும். முதல் கடியிலேயே பூரணம் மறுமுனைக்கு ஓடும்.

உருட்டியதோடு நிறுத்துவதும் தவறுதான். மடிப்பு விளிம்பு கீழே இருக்கும்படி சூடான தவாவில் வைத்து, ஓரிரு நிமிடம் பொன்னிறமாகும்வரை விட்டால் விளிம்பு ஒட்டிக்கொள்ளும். வெளிப்புறமும் காய்ந்து, பிடிக்கத் தோதாகும்.

மொத்தமாகச் செய்து உறையவைக்க நினைத்தால் பூரணம் முழுவதும் ஆறிய பிறகே சுற்ற வேண்டும். சூட்டோடு உறைந்தால் உள்ளே பனிக்கட்டி படியும், உருகும்போது எல்லாம் சொதசொதக்கும். பச்சைத் தக்காளி, கீரை இலை, அவகாடோ, கிரீம் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒவ்வொன்றையும் இறுக்கமாகச் சுற்றி வைத்தால் இரண்டு மூன்று மாதம் ருசி குறையாமல் இருக்கும். சாப்பிடும் நாளில் முந்தைய இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். மைக்ரோவேவில் வைப்பதற்கு முன் அலுமினியத் தாள் சுற்றியிருந்தால் மறக்காமல் பிரித்து, ஈரத்தாளில் சுற்றிச் சூடாக்குங்கள். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டும்வரை சூடாக்கிவிட்டு, தாளை எடுத்தெறிந்து, தவாவில் இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் காட்டுங்கள். தக்காளியையும் கிரீமையும் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டால் போதும்; கரண்டி தேவைப்படாது.