லண்டனில் போக்குவரத்து: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கோடையில் மதுரையிலிருந்து வந்திருந்த சித்தியோடு ஒருநாள் இரவு ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனில் இறங்கினேன். மணி பத்தரை தாண்டியிருந்தது. கேட் எல்லாம் திறந்து கிடந்தன. நான் பையைத் தோளில் சரிசெய்வதற்குள் சித்தி வெளியே போய்விட்டார். “சித்தி, கார்டை வைக்கலயே” என்றேன். “அதான் கதவு திறந்திருக்கே, எதுக்குப்பா?” என்றார். திரும்பக் கூட்டிவந்து, கேட்டின் வலப்பக்கம் இருக்கும் மஞ்சள் வட்டத்தில், பயணக் கட்டணம் பிடிக்கும் வங்கிக் கார்டை வைக்கச் சொன்னேன். பீப் சத்தம் வந்து பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

கார்டை வைக்காமல் போயிருந்தால் அவர் எங்கே இறங்கினார் என்பது கணினிக்குத் தெரியாது. அந்தப் பயணத்துக்கு அதிகபட்சக் கட்டணத்தைப் போட்டுவிடும். நம் ஊரில் கண்டக்டர் வந்து கேட்பார், சுங்கச்சாவடியில் கட்டை குறுக்கே விழும். லண்டனில் யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள். பணம் பிறகு போகும், கடிதம் பிறகு வரும். இங்கே மாட்டிக்கொள்பவர்களில் பலர் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்ல, யாரும் சொல்லாததால் தெரியாமல் போனவர்கள்.

டியூப் என்னும் சுரங்க ரயில், ஓவர்கிரவுண்ட், எலிசபெத் லைன், டிஎல்ஆர் என்னும் இலகு ரயில் எல்லாவற்றிலும் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை கார்டை வைக்க வேண்டும். பேருந்திலும் டிராமிலும் ஏறும்போது மட்டும். டிஎல்ஆரில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பல நிலையங்களில் கேட்டே கிடையாது, ஓரமாக ஒரு கம்பத்தில் கார்டைப் படிக்கும் ரீடர் இருக்கும், அவ்வளவுதான். பேச்சு சுவாரசியத்தில் நடந்தால் கண்ணில் படாது. மறந்துவிட்டால் இணையத்தில் கணக்கு திறந்து விண்ணப்பியுங்கள், நியாயமான காரணம் இருந்தால் திருப்பித் தருவார்கள். ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, போனில் ஏறி கார்டில் இறங்குவது. இரண்டும் ஒரே வங்கிக் கணக்குதானே என்று தோன்றும். கணினிக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். ஒருவர் ஏறி இறங்கவில்லை, இன்னொருவர் ஏறாமலே இறங்கியிருக்கிறார். இரண்டு பேருக்கும் அதிகபட்சக் கட்டணம். காலையில் எதில் தொடங்கினீர்களோ, இரவுவரை அதிலேயே போங்கள். தினசரி உச்சவரம்புக்குமேல் பணம் போகாது என்ற சலுகையும் அப்போதுதான் சரியாகக் கிடைக்கும். கணவனும் மனைவியும் ஒரே கார்டில் போக முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எதுவும் வேண்டாம். கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவர், 5 முதல் 10 வயதுவரையுள்ள நான்கு பிள்ளைகளை டியூபில் இலவசமாகக் கூட்டிப்போகலாம். தெரியாமல் டிக்கெட் வாங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை, போய்ச் சொல்லிவிடுவேன்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் புறப்படும் முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் கான்டாக்ட்லெஸ்ஸையும் திறந்துவிட்டு வாருங்கள். பேருந்துகளில் 2014-லிருந்து ரொக்கம் வாங்குவதில்லை. கையில் நோட்டோடு ஏறினால் இறங்க வேண்டியதுதான். ஒருமுறை பேருந்துக்குக் கட்டணம் செலுத்திவிட்டால், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் மறுபடி காசு இல்லை. அதற்கும் அதே கார்டுதான் வைக்க வேண்டும்.

சில நிலையங்களில் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு ரீடர் ஒன்று நடுப் பாதையில் நிற்கும். ஹைபரி அண்ட் இஸ்லிங்டன், ஸ்ட்ராட்ஃபோர்ட், காஸ்பெல் ஓக் போன்ற இடங்களில் பார்க்கலாம். நகர மையமான முதல் மண்டலத்துக்குள் போகாமல் சுற்றி வந்தீர்கள் என்பதை அது பதிவுசெய்கிறது. ரயில் மாறும்போது அதில் வைத்தால் கட்டணம் குறையலாம். பல வருடம் இங்கிருப்பவர்களே இதைக் கடந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டணம் கூடும் பீக் நேரம் திங்கள் முதல் வெள்ளிவரை காலை 6.30 முதல் 9.30, மாலை 4 முதல் 7. அவசரமில்லாதவர்கள் ஒன்பதரைக்குப் பிறகு ஏறுங்கள். ஹீத்ரோவிலிருந்து வருகிறவர்களுக்கு மூன்று ரயில்: பிக்காடில்லி லைன் மலிவு, எலிசபெத் லைன் அதைவிட விலை, பேடிங்டன்வரை மட்டும் போகும் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் எல்லாவற்றையும்விட விலை. கண்ணில் முதலில் படும் விளம்பரத்தைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். ஈஸ்ட் ஹாம் பக்கம் போகிறவர்கள் எலிசபெத் லைனில் வைட்சேப்பல்வரை வந்து டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறினால் பெட்டியோடு அதிகம் அலைய வேண்டாம்.

நிலையச் சுவரில் இருக்கும் டியூப் வரைபடத்தை நம்பி தூரத்தைக் கணக்கிடாதீர்கள். ஹாரி பெக் வரைந்து 1933-ல் வெளிவந்த படத்தின் வழியில் வந்தது அது. எங்கே மாறலாம் என்று காட்டும், எவ்வளவு தூரம் என்று காட்டாது. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டனுக்கு முந்நூறு மீட்டர்கூட இல்லை, நடப்பதே வேகம். பெயரைப் பார்த்து இறங்குவதும் தவறு. வெம்ப்ளியில் ஈலிங் ரோட்டுக் கடைகளுக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள் வெம்ப்ளி பார்க்கில் இறங்கித் திண்டாடுவார்கள். அங்கு போக வெம்ப்ளி சென்ட்ரலோ பிக்காடில்லி லைனில் ஆல்பர்ட்டனோதான் பக்கம். நகர மையத்தில் இரண்டு பாதையாகப் பிரியும் நார்தர்ன் லைனில் ஏறும் முன் பாங்க் வழியா, சேரிங் கிராஸ் வழியா என்று பலகையில் பாருங்கள். சனி, ஞாயிறுகளில் பராமரிப்புக்காகப் பாதைகளை மூடுவது வழக்கம், கிளம்பும்போதே பார்த்துவிடுங்கள். டிசம்பர் 25 அன்று டியூபும் ஓடாது, பேருந்தும் ஓடாது.

கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் கடிதம் வரும். இங்கே சாவடி கிடையாது, எல்லாம் கேமரா. நகர மையத்தில் ஓட்டுவதற்கான கன்ஜெஷன் சார்ஜ் 2003-ல் 5 பவுண்டாகத் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து 18 பவுண்டு. அது வேறு, யூலெஸ் வேறு. யூலெஸ் என்பது புகைக்கான கட்டணம், நாளுக்கு 12.50 பவுண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களுக்கும், அதாவது உள்ளாட்சிப் பகுதிகளுக்கும், அது உண்டு. பொதுவாக 2006-க்கு முந்திய பெட்ரோல் வண்டியும் 2015 செப்டம்பருக்கு முந்திய டீசல் வண்டியும் மாட்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய டீசல் காரை வாங்கும் முன், அதன் பதிவு எண்ணைக் கொடுத்துச் சரிபாருங்கள். என் நண்பர் ஒருவர் அப்படியொரு காரில் இரவு பதினொன்றரைக்கு விமான நிலையம் கிளம்பினார், ஒரு மணிக்குத் திரும்பினார். நாள் நள்ளிரவில் மாறுகிறது, எனவே அவருக்கு இரண்டு நாள் கட்டணம். ஓட்டிய நாளுக்குப் பிறகு மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் கட்டாவிட்டால் அபராதம் 180 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் பாதி. கடிதத்தைப் பிரிக்காமல் மேசையில் போட்டுவைப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு.

தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் கார்கள் போகும், பல வருடம் இலவசமாக இருந்த பிளாக்வால் சுரங்கத்துக்கும், சில்வர்டவுன் சுரங்கம் திறந்த 2025 ஏப்ரல் 7 முதல் காலை 6 முதல் இரவு 10 வரை கட்டணம். பழக்கத்தில் போய்விடாதீர்கள். வெம்ப்ளி மைதானத்தில் ஆட்டமோ கச்சேரியோ இருக்கும் நாளில் சுற்றுவட்டாரத் தெருக்களில் பார்க்கிங் விதியே மாறிவிடும், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் கம்பத்துப் பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள். இந்திய, இலங்கை உரிமத்தில் இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம்.

சைக்கிளில் செய்யும் தவறுக்குக் கடிதம் வராது, அதனால்தான் எனக்குக் கவலை அதிகம். இரவில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் சட்டப்படி கட்டாயம். நடைபாதையில் ஓட்டக் கூடாது. சொந்த மின் ஸ்கூட்டரைப் பொதுச் சாலையில் ஓட்டுவது சட்டவிரோதம், கடையில் விற்கிறார்களே என்று பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். சாப்பாடு டெலிவரி செய்யும் நம் மாணவர்கள் மழையில், அவசரத்தில் செய்வது ஒன்று உண்டு: சிக்னலில் நிற்கும் லாரியின் இடப்பக்கச் சந்தில் நுழைந்து முன்னே போவது. லாரி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் ஓரக்கல்லை ஒட்டி வரும், நடுவில் இருப்பவருக்கு ஒதுங்க இடமே இருக்காது. பின்னாலேயே நில்லுங்கள். பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. லாரி திரும்பி முடிக்கட்டும், சாப்பாடு இரண்டு நிமிடம் தாமதமாகப் போகட்டும்.