தசை நீட்சிப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தசை நீட்சிப் பயிற்சி செய்பவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை, கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதையே பயிற்சியின் பலனாக எண்ணுவதிலிருந்து பிறக்கின்றன. நின்றபடி குனிந்து கால்விரலைத் தொட முயல்பவரைக் கவனித்தால் இது விளங்கும். தொடையின் பின்புறத் தசை இறுகியிருப்பதால் இடுப்பு மூட்டு போதிய அளவு மடங்குவதில்லை. அதை ஈடுகட்டக் கீழ் முதுகு வளைகிறது. விரல் பாதத்தைத் தொட்டுவிட்டாலும், நீள வேண்டிய தசை அதிகம் நீள்வதில்லை, முதுகுதான் சிரமப்படுகிறது. முழங்காலைச் சற்றே தளர்த்தி, முதுகை நேராக வைத்து, இடுப்பிலிருந்து முன்சாய்ந்தால் கை முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடக்கூடும். ஆயினும் தொடைத் தசைக்குக் கிடைக்க வேண்டிய நீட்சி அப்போதுதான் கிடைக்கிறது.

எட்டாத தூரத்தை எட்டுவதற்காக உடலைக் குலுக்கிக் குலுக்கி இழுப்பது அடுத்த தவறு. திடீரென இழுபடும்போது, தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகள் அனிச்சையாகத் தசையைச் சுருங்கச் செய்வதால், எதிர்பார்த்ததற்கு நேர்மாறான விளைவே ஏற்படுகிறது. மெதுவாகச் சென்று, இலேசான இழுவை தெரியும் இடத்தில் 10 முதல் 30 விநாடிகள், மூச்சை அடக்காமல், அசையாது நிற்பது போதும். முதியவர்கள் 60 விநாடிகள் வரை நிற்கலாம். கூர்மையான வலியோ மரமரப்போ தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். புதிதாகச் சுளுக்கிய தசையை 'இழுத்துச் சரிசெய்ய' முயல்வது காயத்தைப் பெரிதாக்கிவிடும்.

நேரம் பற்றியும் கவனம் தேவை. படுக்கையிலிருந்து எழுந்தவுடன் ஆழ்ந்த நீட்சியில் இறங்காமல், 5 முதல் 10 நிமிடங்கள் நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்வது நல்லது. வேகமாக ஓடுவதற்கோ குதிப்பதற்கோ சற்று முன்னர் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் நீட்டி வைத்தால், அதன் விசை தற்காலிகமாகக் குறையலாம் என்பதால், அப்போது காலை முன்னும் பின்னும் வீசுவது போன்ற அசைவுப் பயிற்சிகளே பொருத்தமானவை.

நீட்டினால் மறுநாள் தசை வலி வராது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில் அந்த வலி மிகச் சிறிதளவே குறைகிறது. முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றத்திலும் தசையின் நீளத்தைவிட, இழுவையைத் தாங்கும் நரம்பு மண்டலத்தின் பழக்கத்துக்கே பங்கு அதிகம். ஆகவே வாரத்தில் 2 அல்லது 3 நாட்களேனும் விடாமல் தொடர வேண்டியுள்ளது. பிறவியிலேயே மூட்டுகள் அளவுக்கு மீறி வளைபவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்கு மேலும் நீட்சி தேவையில்லை, மூட்டைச் சுற்றியுள்ள தசைகளை வலுவாக்கும் பயிற்சியே தேவை.